ராசாப் பாம்பு

"ஹலோ... இஞ்சேருங்கோ, கேக்குதோ? ... மெசினுக்குப் பக்கத்திலை நிண்டு கதையாதேங்கோ, வெளியிலை வாங்கோ... ஓம், ஓம், நான்தான். பிள்ளையைப் பாம்பு கடிச்சுப்போட்டுது."

டென்மார்க்கின் பிராண்டே ஊரில் யோகமலர் பயப்படாத சாமானே இல்லை. குளிருக்குப் பயம், பனிக்குள் கார் ஓடப் பயம், டேனிஷ்காரர் போன் எடுத்தால் பயம். பாம்பை மட்டும் யாழ்ப்பாணத்தோடு விட்டுவிட்டு வந்ததாக நம்பியிருந்தாள்.

"கொம்போஸ்ட் பெட்டிக்குள்ளை. தக்காளிக்குப் பசளை அள்ளப் போனவள், கையை விட்டிருக்கிறாள்... பெருவிரலடியிலை... நான் ஓடிப்போய் ஆளையும் வாளியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு குசினிக்குள்ளை வந்திட்டன்... இல்லை, இஞ்சத்தை விரியன் இல்லை. அதைப் படத்திலை கண்டிருக்கிறன். இது கறுப்பிலை வெள்ளை, வளையம் வளையமாக் கிடந்தது... ஓம், பேர் தெரியும், இவள்தான் சொன்னாள். கொங்க எண்டு தொடங்கினது... டேனிஷிலை கொங்க எண்டால் ராசாதானே? அப்ப ராசநாகம்தானே? ... அப்பிடித்தான் அம்புலன்சுக்கும் சொன்னனான், கொங்ககோப்றா எண்டு. அந்த மனிசி திருப்பித் திருப்பிக் கேட்டது, நான் ஓம் ஓம் எண்டனான்... ஹெலிகொப்டர் அனுப்பினமாம்."

மகள் துஷாரா கதிரையில் இருந்தாள். முழங்கைக்கு மேலே அம்மாவின் சால்வை இறுக்கிக் கட்டியிருந்தது. டென்மார்க்கில் பிறந்தவள். தமிழில் எதைக் கேட்டாலும் டேனிஷில்தான் பதில் வரும். இப்போது அதுவும் இல்லை. வாயைத் திறந்தால் விசம் ஏறும் என்று அம்மா போட்ட சத்தத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

"முகத்திலை ஒண்டும் தெரியேல்லை. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு... நித்திரையோ? நான் கொள்ள விடுவனே... இஞ்சேருங்கோ, இவளுக்கு ஏதும் நடந்தால் நான் இருக்கமாட்டன்... என்ன? அவளிட்டைக் கேக்கவோ? கதைச்சால் ஏறுமெல்லே... சரி, சரி, கத்தாதேங்கோ. பிள்ளை, அப்பா கேக்கிறார், அந்தப் பாம்பின்ரை முழுப் பேர் என்ன? ... கொங்க... ஸ்னோ? ... கொங்கஸ்னோவாம்."

மறுமுனையில் கணவன் ஆனந்தராஜா அந்தப் பேரைத் திருப்பிச் சொல்லச் சொன்னான். யோகமலர் ஒவ்வொரு எழுத்தாக உரத்துச் சொன்னாள்.

"என்ன செய்யிறியள்? ... போனிலை தேடுறியளோ... சொல்லுங்கோ... ஸ்னோ எண்டால் விசமில்லாத சாதியோ? ... வடிவாத் தெரியுமோ? ... அமெரிக்காப் பாம்பு... ஓம்... கண்ணாடிப் பெட்டியிலை வளக்கிறது... ஆரின்ரையோ ஒண்டு தப்பி வந்திருக்கும்... ஓம், ஓம்... கடிச்சால் கீறின மாதிரித்தான்... பிள்ளையாணைச் சொல்லுறியளோ? ... பிள்ளையாணை?"

வாளிக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்துவிட்டாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சால்வையை அவிழ்த்தாள். பாம்பு வைத்தது சின்னக் கீறல். அம்மா இறுக்கிக் கட்டியதில்தான் கை நீலம் பாரித்துப் போயிருந்தது. மகளின் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள்.

"அழேல்லை... சிரியாதேங்கோ, எனக்கு வெக்கமாக் கிடக்கு. ஹெலிகொப்டர்க்காரருக்கு நீங்கள்தான் சொல்லவேணும்... ஓம், சத்தம் கேக்குது, வீட்டுக்கு மேலைதான்... பொறு பிள்ளை, அப்பா லைனிலை... என்னவாம்? ... இஞ்சேருங்கோ, பசளைக்குள்ளை பாம்புக் குட்டியளும் கிடக்காம்... இந்த வாளிக்குள்ளை... கனக்கவாம்... தப்பி வந்த ஒண்டு தனிய என்னெண்டு குட்டி பொரிக்கும்? ... அப்ப இதுகள் எங்கடை வளவுக்குள்ளையே பிறந்ததுகளோ? ... தாய் தேப்பன் எங்கை? ... நில்லுங்கோ, நில்லுங்கோ. இவள் தமிழிலை ஏதோ சொல்லுறாள்... 'அம்மா, காலைத் தூக்குங்கோ' எண்டு..."

போன் நிலத்தில் விழுந்தது. லைன் அறுந்துவிட்டது.