அக்காவுக்குப் பார்த்த இடம்

முதியோர் இல்லம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் சமையலறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்பார்கள். அடுத்தது கழிவறையை. நானும் இரண்டையும் பார்ப்பேன், ஆனால் கடைசியில்தான். முதலில் பார்ப்பது வாசல் கேட்டை. வயதானவர்களைப் பூட்டி வைப்பது எனக்குப் பிடிக்காது.

பஹீம் சேர், பொலிஸில் என் வாக்குமூலத்தைத் தமிழில் எழுத வேண்டுமென்று உங்களை எங்கிருந்தோ வரவழைத்திருக்கிறார்கள். சிரமத்துக்கு மன்னிக்க வேண்டும். நான் மாநகர சபையில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவன். எழுதுகிறவரின் கை வலி எனக்குத் தெரியும், அதனால் சுற்றி வளைக்க மாட்டேன். ஆனால் நடந்ததை முறையாகச் சொன்னால்தான் மஸாஹிரா மேல் பழி விழாது. அதற்காகத்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன்.

உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நோன்புப் பெருநாளன்று விடியற்காலையில் என் அக்கா ரத்தினம்மா, வத்தேகமைக்கு மேலே இருக்கிற இல்லத்திலிருந்து தனியாக வெளியே போனாள். பழைய தோட்டப் பாதையில் மண் சரிந்த இடத்தில் விழுந்து இறந்தாள். அவளைக் கவனித்துவந்த மஸாஹிரா அன்று வேலைக்கு வரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்று இல்லத்துக்காரர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளையும் மரண வீட்டுக்கு வந்து, "நான் போயிருக்கக் கூடாது அங்கிள்" என்று அழுதுகொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை. நான் அவ்வளவு மோசமானவன் இல்லை.

எங்கள் தோட்டம் கம்பளைக்கு மேலே. அம்மாவும் அப்பாவும் நான் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டார்கள். அக்கா தேயிலைக் கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தாள். கல்யாணம் வேண்டாம், தம்பி இருக்கிறானே என்றாள். இதைச் சொன்னால் எல்லோருக்கும் கண் கலங்கும். எனக்குக் கலங்குவதில்லை, சின்ன வயதிலிருந்தே கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. என் மனைவி இறந்து, மகள் நிரஞ்சனியும் கனடாவுக்குப் போன பிறகு கண்டி கட்டுக்கலை வீட்டில் நான் ஒருவன்தான். அப்போதுதான் அக்காவைக் கூட்டிவந்தேன். கடைசிக் காலத்தில் அக்காவைப் பார்க்கிறான் என்று ஊர் மெச்சியது. உண்மையில் எனக்காகத்தான் கூட்டிவந்தேன். பேச ஆள் இல்லாத வீட்டில் ஒரு கரண்டி கீழே விழுந்தாலும் நெஞ்சு திடுக்கிடுகிறது.

கொஞ்ச காலம் நன்றாக இருந்தோம். இரண்டு பேரும் தொலைக்காட்சி பார்ப்போம், அவள் எனக்குக் கிழங்கு அவித்துத் தருவாள். பிறகு மறதி வந்தது. முதலில் அவளுக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களம் போனது. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர். கடைசியில் கண்டிக்கு வந்ததே மறந்து, தான் இன்னும் தோட்டத்து லயத்து அறையில் இருப்பதாக நினைக்க ஆரம்பித்தாள். ஸ்டேஷனில் ரயில் கூவினால் போதும், ஃபெக்டரிச் சங்கு என்று எழும்பிவிடுவாள். தோட்டத்திலிருந்து கொண்டுவந்த கொழுந்துக் கூடையைத் தேடி எடுத்து, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். நீங்கள் டவுனில் பிறந்தவராக இருக்கலாம், அதனால் சொல்கிறேன். சங்கு ஊதியதும் எல்லோரும் பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். அங்கேதான் கணக்கப்பிள்ளை பேர் போட்டு மலைக்கு அனுப்புவார். பிந்திப் போனால் அரைப்பேர், அதாவது அன்றைக்குப் பாதி நாள் வேலை செய்ததாகத்தான் கணக்கு. அக்கா எமனுக்குக்கூட அவ்வளவு பயப்பட மாட்டாள்.

இதையெல்லாம் சமாளித்தேன். என்னை அவள் யாராக நினைத்தாள் என்பதைத்தான் சமாளிக்க முடியவில்லை. எனக்குக் காற்சட்டையும் கண்ணாடியும் சட்டைப் பையில் பேனையும் இல்லாமல் பழக்கமில்லை. அக்காவுக்கு நான் கணக்கப்பிள்ளையாகிவிட்டேன். அறைக்குள் நான் வந்தால் எழுந்து நிற்பாள். கதிரையில் இருக்கச் சொன்னால் தரையில் குந்துவாள்.

"அக்கா, நான்தான் செல்லச்சாமி. ஒன் தம்பி" என்பேன்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "எந் தம்பி சின்னப் பயலுங்கய்யா. இஸ்கோலுக்குப் போயிருக்கான்."

மாலையானதும் அழத் தொடங்குவாள். இஸ்கோல் விட்டும் தம்பியைக் காணவில்லையே என்று. என் முன்னால் நின்றுகொண்டே என்னைத் தேடுவாள் சேர். நான் பழைய போட்டோக்களைக் காட்டியிருக்கிறேன், தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறேன், ஒரு நாள் கன்னத்தில் அடித்தும்விட்டேன், மெதுவாகத்தான். "இனிமே பிந்த மாட்டேங்கய்யா" என்று என்னைக் கும்பிட்டாள். அன்று எனக்கு வந்த வேதனையை என் மனைவி செத்தபோதும் நான் படவில்லை. பட்டென்று உயிர் போகிறவர்கள் புண்ணியம் செய்தவர்கள் என்று அன்றுதான் முதல்முறையாக நினைத்தேன்.

நிரஞ்சனி வீடியோவில் வந்து, "அப்பா, உங்களால தனியா ஏலாது. நல்ல ஹோம் ஒன்னு பாருங்க" என்றாள். சரி என்றேன். எதையும் செய்தால் ஒழுங்காகச் செய்வது என் குணம். ஒவ்வோர் இடமாகப் போய்ப் பார்த்தேன்.

பிலிமத்தலாவையில் பார்த்தது பளிங்கு போலச் சுத்தம். ஆனால் வாசலில் இரும்புக் கதவு, பெரிய பூட்டு, திறப்பு மேட்ரனின் இடுப்பில். ஒருவர்கூட இதுவரை வெளியே போனதில்லை என்று அவர் பெருமையாகச் சொன்னார். பிளேன்டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கண்டியிலேயே ஒன்று பார்த்தேன், அங்கே எல்லோரும் சிங்களம்தான் பேசினார்கள். நல்ல மனிதர்கள்தான், ஆனால் அக்கா யாருடன் பேசுவாள்? அதையும் வேண்டாமென்றேன்.

கம்பளையில் பார்த்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாலாம்பிகை என்று ஓர் அம்மா நடத்துகிறார். தமிழ் பேசும் ஆட்கள், குளிக்க வெந்நீர், வெள்ளிக்கிழமை தேவாரம். கேட்டில் மணி கட்டியிருந்தார்கள், தொட்டாலே வீடு முழுக்கக் கேட்கும். "சொந்த அக்கா மாதிரிப் பாத்துக்குவேன். நூறு வயசு வரைக்கும் இருப்பாங்க, பாருங்க" என்றார். திரும்பி வரும்போது ரயிலில் அந்த நூறு வயதைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். என்ன குறை என்று நிரஞ்சனி கேட்டாள். ஆற்றங்கரை ஈரம், அக்காவுக்குச் சளி பிடிக்கும் என்றேன்.

வத்தேகமைக்கு மேலே இருக்கிற இடம் எனக்குப் பார்த்ததுமே பிடித்தது. பழைய தோட்ட பங்களா. கேட்டுக்குக் கொக்கி மட்டும்தான். நான் போன நேரம் எதிர் மலையில் ஃபெக்டரிச் சங்கு ஊதியது. தினமும் காலையிலும் ஊதுமா என்று கேட்டேன். விடியும்போதே ஊதும், தொந்தரவென்றால் ஜன்னலை மூடிக்கொள்ளலாம் என்றார் இல்லத்துக்காரர். வேண்டாம் என்றேன். பிறகு சுற்றிப் பார்க்கப் போனேன். கேட்டிலிருந்து ஃபெக்டரிப் பக்கம் போகிற பழைய பாதை, ஒரு பலாமரத்தைத் தாண்டியதும் அறுந்து கிடந்தது. போன மழையில் மண் சரிந்து போயிருக்கிறது. யாரோ குறுக்கே கட்டிய நாடாவும் அறுந்து புல்லில் கிடந்தது. கீழே எட்டிப் பார்த்தேன், அடி தெரியவில்லை. திரும்பி வந்து, அக்காவுக்குப் பழகிய காற்று, இதுவே இருக்கட்டும் என்றேன். சமையலறையைப் பார்க்க மறந்துவிட்டேன்.

நான் அவளைக் கொல்லத் திட்டம் போட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். இடம்தான் பார்த்தேன். மிச்சம் கடவுள் விட்ட வழி என்று இருந்தேன். அக்காவைக் கொண்டுபோய் விட்ட அன்று கூடையையும் கொடுத்தேன், அது இல்லாமல் அவளுக்குக் கை ஓடாது.

மஸாஹிராவை நான் எதிர்பார்க்கவில்லை. மடவளை ஊர்ப் பிள்ளை. சங்கு ஊதி அக்கா ஓடிய முதல் நாளே பின்னால் ஓடிப்போய்ப் பிடித்திருக்கிறாள். எனக்கு போன் எடுத்து, "அங்கிள், கேட்டுக்கு ஒரு பூட்டு வாங்கச் சொல்லுவமா?" என்று கேட்டாள். அடைத்து வைத்தால் அக்கா ஏங்கிப் போய்விடுவாள் என்றேன். அவள் அதையும் ஏற்றுக்கொண்டாள். கேட்டைக் கயிற்றால் கட்டி வைத்து, காலையில் சங்கு ஊதியதும் தானே அவிழ்த்து, அக்காவைக் கையில் பிடித்து அந்தப் பலாமரம் வரை கூட்டிப்போவாள். இன்றைக்கு வேலை இல்லையாம் என்று சொல்லித் திருப்பிக் கூட்டி வருவாள். தினமும். அக்காவின் கன்னத்தில் சதை போட ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாமல் போனேன். அக்கா கட்டிலில் இருந்தாள், சேலை மடியில் மறைத்து வைத்திருந்த பணிஸ் துண்டை எடுத்து மஸாஹிராவின் கையில் வைத்தாள். "தின்னுடா தம்பி. இஸ்கோலுக்கு நேரமாச்சு" என்றாள். அந்தப் பிள்ளையும் சிரித்துக்கொண்டு தின்றது. நான் வாசலில் நின்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். உடனே எழுந்து மஸாஹிராவைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்து மறைத்தாள்.

"ஐயா, அவன் படிக்கிற பயலுங்க. அவன் பேர வேலைக்குப் பதிஞ்சிராதீங்க" என்றாள்.

பிறகு மஸாஹிரா வெளியே வந்து சமாதானம் சொன்னாள். "என்னைத் தம்பிண்டுதான் கூப்பிடுறாங்க அங்கிள். நானும் சரிண்டு சொல்லிக்குவேன். நீங்களும் ஒரு நாளைக்குக் கணக்கப்பிள்ளையாவே இருந்து பாருங்களேன். சிரிச்சு ரெண்டு வார்த்தை பேசினா அந்தப் பயம் போயிரும்."

அது பொய்யாகிவிடும் மகள், எனக்குப் பொய் வராது என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்து விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அக்கா அங்கே சந்தோஷமாக இருக்கிறாள், அவள் தேடின தம்பியும் கிடைத்துவிட்டான். இனி இந்த உலகத்தில் என்னைத் தேட யாரும் இல்லை. எனக்குப் பொறாமை என்று உங்கள் பேனை எழுத நினைக்கும். இந்த வயதில் ஒரு பணிஸ் துண்டுக்கு யாராவது பொறாமைப்படுவார்களா? அக்கா ஏமாற்றப்படுகிறாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நோன்பு முடியப்போகிற சமயம் மஸாஹிராவிடம் பெருநாளைக்கு வீட்டுக்குப் போ என்றேன். "உம்மா தனிச்சுப் போவாங்க அங்கிள், நான் நிக்கிறேன்" என்றாள். அக்காவை அவள் உம்மா என்றுதான் சொல்வாள். ஒரு நாள்தானே, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், முதலாளியிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். புதுச் சல்வார்த் துணியும் வாங்கிக் கொடுத்தேன். அவள் நம்பிப் போனாள். நான் முதலாளியிடம் சொல்லவில்லை. சேர், இதைத் தனியாக ஒரு வரியில் எழுதுங்கள். அந்தப் பிள்ளை சொல்லாமல் போகவில்லை, என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனது.

பெருநாளன்று இருட்டோடு வத்தேகமைக்குப் போய், அங்கிருந்து த்ரீவீலில் பாதி வழி வந்து, மீதியை ஏறினேன். கேட்டில் கயிறு கட்டியிருந்தது. போகிற அவசரத்திலும் மஸாஹிரா இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தாள். இதையும் எழுதுங்கள். அவிழ்க்க எனக்கு நகம் வலித்தது. கேட்டைத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். நல்ல பனி. குளிராக இருந்தது, ஆனால் வெகுநாளைக்குப் பிறகு மனம் அமைதியாக இருந்தது.

சங்கு ஊதியது. அக்கா வந்தாள். கூடைக் கயிறு தலையில், சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தாள், காலில் செருப்பில்லை. அந்த வயதில் அப்படி வேகமாக நடப்பாள் என்று நான் நினைக்கவில்லை. என்னைக் கண்டதும் நின்று தலையைக் குனிந்தாள்.

"பெரட்டு முடிஞ்சிருச்சுங்களா ஐயா?"

நான்தான் உன் தம்பி என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தவன் நான். அன்று மஸாஹிரா சொன்ன புத்தியைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே பேசினேன்.

"இன்னும் இல்ல. ஓடு, ஓடு. பிந்தினா அரைப்பேர்தான்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கணக்கப்பிள்ளை சிரித்து அவள் பார்த்ததேயில்லை போலும். "நல்லா இருப்பீங்கய்யா" என்றாள். கொஞ்சம் போனவள் திரும்பி நின்றாள்.

"தம்பி தூங்குறானுங்க. எழும்பினா பசிக்கும்பான். கொஞ்சம் பாத்துக்கங்க."

"நான் பாத்துக்கிறேன், நீ போ" என்றேன்.

பழைய பாதையில்தான் போனாள். நான் கூப்பிட்டிருந்தால் கேட்கிற தூரம்தான். பலாமரத்தைத் தாண்டும்வரை கூடை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. அவள் கத்தவில்லை. கற்கள் உருளும் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் கொஞ்ச நேரம்தான். நான் கயிற்றைத் திரும்பக் கட்டவில்லை. அப்படிச் செய்தால் ஏமாற்றியதாகிவிடும்.

வத்தேகமைக்கு நடந்தே இறங்கினேன். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கடை திறந்திருந்தது. ரொட்டியும் கட்டச்சம்பலும் கேட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டேன். இன்னும் ஒன்று போடச் சொல்லி அதையும் சாப்பிட்டேன். நீங்கள் இதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் சேர். அக்கா சொன்ன சொல்லை நான் ஒரு நாளும் தட்டியதில்லை. தம்பிக்குப் பசிக்கும், பார்த்துக்கொள் என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள்.