ஆக்னஸக்காவின் மாத்திரை டப்பா

...அதே கேள்விமா! சுத்திச் சுத்தி அதே கேள்வி! 'வேற எதுனா மாத்திர சாப்ட்டாங்களா, வேற எதுனா மாத்திர சாப்ட்டாங்களா'ன்னு. மொதல்ல அந்தச் சின்ன டாக்டரு வந்து கேட்டாரு. பாஷா பாய் இல்லன்னாரு. அப்புறம் கண்ணாடி போட்ட டாக்டரம்மா வந்து கேட்டாங்க. அப்பவும் இல்லன்னாரு. இப்ப சிஸ்டரு வந்து, 'நல்லா யோசிச்சு சொல்லுங்க'ன்னுட்டு போவுது. பொண்டாட்டி ரத்த வாந்தி எடுத்துட்டு உள்ள கெடக்கறா, அந்த மனுசனுக்கு இன்னா யோசன வரும்? யோசிக்கத்தான நீங்க இவ்ளோ படிச்சுட்டு வந்திருக்கீங்க? நான் சொல்றது சரியா இல்லியா?

நீ பேசாதம்மா, பேசாத. இப்பதான டியூப் உட்டு பாத்துட்டு வெளிய வந்த? தொண்டைக்கு ஸ்ப்ரே அடிச்சிருப்பாங்க. மரத்துப் போயிருக்கும். எனக்கும் போன வருசம் அடிச்சாங்க. நாக்கு எங்க கீதுன்னே தெரியல. எச்சி முழுங்கினா வேற யாரோ முழுங்கற மாரி இருந்துச்சு. கொஞ்ச நேரத்துக்கு தண்ணிகூட குடிக்காத, பொற ஏறிடும். கம்முனு சாஞ்சு உக்காரு. நான் பேசறேன். உனக்கும் பொழுது போவணும் இல்ல?

நான் ஆக்னஸு. ஆம்பூரு. ஷூ கம்பெனில தையல் லைனுக்கு சூப்பர்வைசரு. உள்ள இருக்கறா பாரு ஷஹீன் பானு, அவ என் லைன்லதான் மெஷின் ஓட்டறா. ஷூவோட மேல்தோலு தைக்கறது. லைன்லயே நல்ல கை அவளுக்குத்தான். நானும் அவளும் தோஸ்துன்னா அப்படி ஒரு தோஸ்து. அவ டிபன் பாக்ஸ தொறந்தா பாதி எனக்கு, என்னுது தொறந்தா பாதி அவளுக்கு. அவ கொழம்புல எண்ண ஜாஸ்தி. சொன்னா கேக்க மாட்டா. என் கொழம்புல உப்பே இல்லன்னுவா, அதயும் நான் கேக்கறதில்ல.

காலைல மெஷின்ல உக்காந்தவ அப்படியே தலய சாச்சுட்டா. தூங்கறான்னு நெனச்சுட்டேன்மா நானு. 'ஏ ஷஹீனு, போர்ட பாருடி, டார்கெட்டு எங்க நிக்குது பாரு'ன்னு ஒரு சத்தம் போட்டேன். எழுந்திரிச்சா. எழுந்திரிச்சு வாந்தி எடுத்தா. காப்பித்தூள கரைச்சு ஊத்தின மாரி. அதுக்கு அப்புறம் செவப்பா... வேணாம், நீயே பாவம் வயித்தப் புடிச்சுகினு உக்காந்திருக்கற.

கம்பெனி வண்டிலதான் இங்க வேலூருக்கு தூக்கிப் போட்டுகினு வந்தோம். பள்ளிகொண்டா டோல்கேட்டுல ஒரு லாரிக்காரன் குறுக்க நிக்கறான். எறங்கிப் போயி கேட்டேன் பாரு ஒரு கேள்வி! குறுக்க நின்ன லாரிய அப்படியே பின்னாடி எடுத்தான். டிரைவரு சொல்றாரு, 'அக்கா, நீங்க போலீசுல சேந்திருக்கலாம்'ன்னு. எறங்கி ஏறினதுல எனக்குத்தான் தல கிர்ருன்னு சுத்திடுச்சு. இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் சுத்துது. இந்த ஏசி காத்து வேற ஒத்துக்கறதே இல்ல.

பாஷா பாய் தோல் மண்டில வேல செய்யறாரு. போட்ட சட்டையோட ஓடியாந்துட்டாரு. இப்ப ரத்தம் குடுக்க ஆளு புடிக்கப் போயிருக்காரு. நாலு வார்த்த சேந்தாப்புல பேசத் தெரியாத மனுசன். அவருகிட்ட போயி மாத்திரய பத்தி கேட்டா?

ஆமா, அது இன்னா மடில? கவரு பூரா மாத்திரயா? எல்லாத்தயும் கொண்டாரச் சொன்னாங்களா? ஐயே! சக்கர மாத்திர, பிரஷர் மாத்திர... இது இன்னா, முட்டிக்கு தடவற தைலம்! இதயுமா கொண்டாந்த? ரொம்பத்தான் வெகுளியா கீறியே. இப்படி எல்லாத்தயும் பரப்பி வெச்சா, 'இத நிறுத்து, அத கம்மி பண்ணு'ன்னுதான் சொல்லுவாங்க. போன வருசம் நான் இன்னா பண்ணேன் தெரியுமா? கேட்டதுக்கு மட்டும் பதில். 'வலி மாத்திர சாப்புடுவீங்களா?' 'எப்பனா.' அவ்ளோதான். எப்பனான்னா எப்பன்னு அவங்களும் கேக்கல, நானும் சொல்லல.

எனக்கு வயித்துல புண்ணும்மா. நான் காரத்தாலன்னு நெனச்சுகினு இருந்தேன். அவங்க பாத்துட்டு கிருமின்னுட்டாங்க. கண்ணுக்குத் தெரியாத கிருமி, வயித்துக்குள்ள குடித்தனம் பண்ணுதாம். வாடக குடுக்காம! அதுக்கு ஒரு மருந்து குடுத்தாங்க. ஒரு நாளைக்கு ஒரு அட்ட. காலைக்கு ஒரு பக்கம், நைட்டுக்கு ஒரு பக்கம். எரிச்சல் நின்னாலும் நிறுத்தக் கூடாது, ரெண்டு வாரமும் முடிக்கணும், நடுவுல ஒருவேள கூட உடக்கூடாது, வலி மாத்திர பக்கமே போவக்கூடாதுன்னு அந்த மருந்து குடுக்கற பையன் எனக்கு பாடம் நடத்தறான். அதுல ஒண்ணு நாஷ்டாவுக்கு அர மணி முன்னாடி போடணுமாம். எங்க நாஷ்டா? கம்பெனி பஸ்சுல கம்பியப் புடிச்சுகினு முழுங்கறேன், அதுக்குப் பேரு நாஷ்டாவா? வாயி வேற கசந்து போயி, பித்தள டம்ளர நக்கின மாரி.

அதே வாரம் பாரு, ஷஹீனும் வந்து, 'அக்கா, எனக்கும் நெஞ்சுக்குழில எரியுது'ங்கறா. நீயே சொல்லு. ஒரே லைனு, ஒரே தண்ணி, ஒரே டிபன் பாக்சு. அவ வேலூரு வந்து காட்டினாலும் அதே மருந்துதான குடுக்கப் போறாங்க? அதுக்கு ஒரு நாளு லீவு. ஷிப்மெண்டு மாசத்துல எவ லீவு குடுப்பா? நான்தான குடுக்கணும். நான் குடுக்க மாட்டேன்! அதனால இன்னா பண்ணேன், கத்திரிய எடுத்தேன். எங்களுக்கு எதுவா இருந்தாலும் ஜோடியாத்தான் பாத்து பழக்கம். எடது ஒண்ணு, வலது ஒண்ணு. அந்த மாரி அட்டய நடுவுல வெட்டினேன். காலைப் பக்கம் அவளுக்கு, நைட்டுப் பக்கம் எனக்கு. ஒரு மாத்திர ஒடையல தெரியுமா? தோலு வெட்டின கை இது.

இன்னாத்துக்கு அப்படி பாக்கற? மருந்து நல்லாத்தான் கேட்டுச்சு. நாலஞ்சு நாள்லயே எரிச்சல் ரெண்டு பேருக்கும் போயே போச்சு. அப்புறம் எதுக்கு கசப்ப முழுங்கணும்? மீதிய டப்பால போட்டு வெச்சேன். வேற யாருக்குனா ஆவும் இல்ல? கொஞ்ச மாசத்துல திரும்பி வந்துடுச்சு, எரிச்சலு. அப்ப மருந்து சரியில்லன்னுதான அர்த்தம்? நீ தலய ஆட்டு, ஆட்டாட்டி போ, நான் சொல்றது அதான்.

எந்த டப்பாவா? பிஸ்கெட்டு டப்பாம்மா. இதோ பையிலதான் கீது. தொறக்க மாட்டேன், சத்தம் போடாத... நீ எங்க சத்தம் போடற, நான்தான் போடறேன். எங்க லைன்ல எல்லாருக்கும் தெரியும் இந்த டப்பா. 'ஆக்னஸக்கா டப்பா இருந்தா டாக்டரே வேணாம்'ன்னுவாளுங்க. தலவலியா, சளியா, ரத்தம் ஊறணுமா, எல்லாம் உண்டு. அதுல வேகமா தீந்து போறது மஞ்ச கலரு. தோள்வலிக்கு. நாளு பூரா குனிஞ்சு மெஷின் ஓட்டினா கழுத்துலேர்ந்து முட்டி வரைக்கும் இறுக்கிப் புடிக்கும். புடிச்சா கை நிக்கும். கை நின்னா லைனு நிக்கும். லைனு நின்னா மேனேஜரு வந்து என் தலமேல நிப்பாரு. அதனால எவ தோள புடிக்கறாளோ அவ கைல ஒண்ணு வெச்சுடுவேன். மெடிக்கல் ஷாப்புல என்ன பாத்தாலே அட்டய எடுத்து மேல வெச்சுடுவான், டாக்டர் சீட்டே கேக்க மாட்டான்.

ஷஹீனுக்கா? அவளுக்கும்தான் குடுப்பேன். அவளுக்குக் கொஞ்சம்... ஜாஸ்தி. அவதான வேகமா ஓட்டறவ. வேகமா ஓட்டறவளுக்குத்தான வலிக்கும்? 'வயிறு எரியுதுக்கா'ன்னா. அதுக்கும் ஒண்ணு வெச்சிருக்கேன்டின்னு கேஸ் மாத்திர குடுத்தேன். ஒண்ணு எரிக்கும், இன்னொண்ணு அணைக்கும். கணக்கு சரியாப் போச்சா இல்லியா?

அப்புறம்... போன வாரம் பாத்ரூமாண்ட நின்னுகினு மெல்லமா சொல்றா. 'அக்கா, தாரு மாரி கறுப்பா போவுதுக்கா'ன்னு. நான் இன்னா சொன்னேன்? ரத்தம் ஊற மாத்திர குடுத்தேன் இல்ல, அது கறுப்பாத்தான் போவும், பயப்படாதன்னேன். அது பொய்யில்லம்மா! இரும்புச்சத்து மாத்திர போட்டா நெஜமாவே கறுப்பாத்தான் போவும். என் மருமவளுக்குப் புள்ளத்தாச்சியா இருந்தப்ப போச்சு. அப்படித்தான் இதுவும்னு நெனச்சேன். 'அக்கா சொன்னா சரியா இருக்கும்'ன்னுட்டு போயி உக்காந்து மெஷின மிதிச்சா அவ.

நீ இன்னா கையக் கைய ஆட்டற? கதவ காட்டற. போயி சொல்லுங்கறியா? சொல்லலாம்மா. நாக்கு நுனில நிக்குது, காலைலேர்ந்து நிக்குது. ஆனா யோசிச்சுப் பாரு. பாஷா பாய் பக்கத்துல நிப்பாரு. வீட்டுல அவளுக்கு ஒடம்பு சரியில்லாத நாள்லகூட, 'கம்பெனில ஆக்னஸக்கா பாத்துப்பாங்க'ன்னு சொல்லி பஸ் ஏத்தி உடற மனுசன். அவரு மூஞ்சிய எப்படிப் பாப்பேன்? கம்பெனிக்குத் தெரிஞ்சா மேனேஜரு, 'நாங்களா மாத்திர குடுக்கச் சொன்னோம்'ன்னுடுவாரு. சொல்லல. அது வாஸ்தவம். டார்கெட்ட மட்டும்தான் சொன்னாரு. எனக்கு பயமா கீதும்மா. அவ போயிட்டான்னா... சீ, என் வாயில மண்ணு. அவ பாக்ஸுல எண்ண ஜாஸ்தியா இருந்தா இருந்துட்டுப் போவுது. அவ எழுந்து வந்தாப் போதும்.

அதுக்குத்தான் உங்கிட்ட பேசிகினே இருக்கறேன், புரியுதா? பேச்ச நிறுத்தினா எனக்கு அழுக வந்துடும். நீ நல்ல பொண்ணு, எதுத்துப் பேசாம கேக்கற. இரு, ஏன் எழுந்திரிக்கற? பாத்ரூமா? கூட வரட்டா? பாத்ரூமு அந்தப் பக்கம்மா. அங்க எங்க போற, அங்க சிஸ்டரு... ஏம்மா. ஏ பொண்ணு. இங்க வா. அவங்க வேலயா இருக்காங்க, அவங்க கையப் புடிச்சு இழுக்காத. என் பக்கம் கை காட்டாத! பைய ஏன் காட்டற? அடிப்பாவி, ஒரு வார்த்த பேசாம காரியத்த முடிச்சுட்டியே!

...ஆமா சிஸ்டர். நான்தான். ஷஹீன் பானுகூட வந்தவதான். இல்ல, சொந்தம் இல்ல, சூப்பர்வைசரு. டப்பாவா? இந்தாங்க, நீங்களே தொறங்க. இந்த மஞ்சதான். தெனமும். காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு, ஓவர்டைம் இருந்தா மேல ஒண்ணு. ஷிப்மெண்டு முடியற வரைக்கும். சாப்ட்டுட்டா, சாப்புடாமயான்னு தெரியாது... தெரியும் சிஸ்டர். வெறும் வயித்துலதான். டிபனு தொறக்கற நேரத்துல பாதி நாளு வேல முடிஞ்சிருக்காது. போன வருசம் அந்தக் கிருமி மருந்தும் பாதி போட்டா. என்னுதுல பாதி. வெட்டிக் குடுத்தேன். கத்திரியாலதான் சிஸ்டர், வேற எதால வெட்டுவாங்க? அதயும் பாதில உட்டுட்டா. நான்தான் போதும்னேன்.

இன்னாது? அர கொறயா போட்டா அந்தக் கிருமிக்கு மருந்து பழகிடுமா? அப்ப அதே மருந்து திரும்பிக் கேக்காதா, வேறதான் குடுக்கணுமா? ஓஹோ. அதுக்குத்தான் ஆளாளுக்கு வந்து கேட்டாங்களா! அத மொதல்லயே வெவரமா சொல்லியிருந்தா... சரி. சரி சிஸ்டர். அவங்க கேக்கத்தான் கேட்டாங்க. நான் வாயத் தொறக்கல. டாக்டரம்மாகிட்ட உடனே சொல்லிடுங்க. டப்பாவ எடுத்துகினு போங்க, எனக்கு வேணாம்.

நானா? நானும்தான் போடறேன். எனக்கும் தோளு கீது இல்ல? எவ்ளோன்னா... எண்ணிப் பாத்ததில்ல. அவளுக்குக் குடுக்கறப்பல்லாம் எனக்கும் ஒண்ணு. இன்னாது, கறுப்பாவா? இன்னா சிஸ்டர், இத்தினி பேரு உக்காந்திருக்கற எடத்துல... கொஞ்சம் கறுப்பாத்தான். ஒரு வாரமா. நான் கறிவேப்பில தொவையலுன்னு நெனச்சேன். இரும்பு மாத்திரயா? நான் போடல, அது லைன்ல இருக்கற புள்ளங்களுக்கு வாங்கினது. கண்ண எதுக்கு கீழ இழுத்துப் பாக்கறீங்க? வெளுத்துதான் இருக்கும், நான் எப்பவும் இந்தக் கலருதான். சுத்தறது ஏசியால சிஸ்டர்... ஏசியால இல்லியா?

அய்யய்யோ, வீல்சேரெல்லாம் எதுக்கு? நான் நடந்தே... சரி, உக்கார்றேன், உக்கார்றேன், அதட்டாதீங்க. ஏம்மா பொண்ணு, நீ எதுக்கு அழுவற? நான் ஒண்ணும் கோச்சுக்கல. நீ உன் கவர பத்திரமா வெச்சுக்க. தைலத்தயும் காட்டு. எல்லாத்தயும் காட்டு. மருந்து குடுத்தா கடசி மாத்திர வரைக்கும் நீயே முழுங்கு, எவ கேட்டாலும் குடுக்காத. நானே வந்து கேட்டாலும் குடுக்காத.

சிஸ்டர், கொஞ்சம் வண்டிய நிறுத்துங்க. அதோ பாஷா பாய் வர்றாரு. இல்ல, நீங்க சொல்லாதீங்க, அது சரியில்ல. பாய்! இப்படி வாங்க, கிட்ட வாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா உக்கார வெச்சிருக்காங்க. ஷஹீனுக்கு நான் தெனமும் வலி மாத்திர குடுத்துகினு இருந்தேன் பாய். உங்களுக்குத் தெரியாம. அதாலதான் அவளுக்கு இப்படி. ஆமா, நான்தான். திட்டறதுன்னா நல்லா திட்டுங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன். மொதல்ல அவளுக்கு ரத்தம் கெடச்சுதா, அத சொல்லுங்க.