உம் கேட்ட பக்கம் வரை

என் பெயர் நசீபா, வயது இருபத்து மூன்று, காலஞ்சென்ற கமாலுதீன் ராவுத்தர் மகள். மட்டாஞ்சேரியில் தம்பி சிகாபுதீனுடன் வாடகை வீட்டில் இருந்து தையல் வேலை செய்கிறேன். மாஜிஸ்திரேட் அவர்களின் அனுமதியின்பேரில் இதைத் தமிழில் என் கையாலேயே எழுதுகிறேன்.

1957 ஜூலை 9ஆம் தேதி காலை, பக்கத்து வீட்டுக் கடிகாரம் ஒன்பது அடிக்கையில், தம்பி துறைமுகத்திலிருந்து திரும்பி வந்தான். அங்கே கூலிக்கு ஆள் எடுக்கும் மூப்பன் பரீத் வீசியெறியும் சாப்பா என்ற பித்தளை வில்லையைப் பாய்ந்து பிடிப்பவருக்கே அன்றைய வேலை. தம்பியின் புறங்கையில் பல் பதிந்திருந்தது. "சாப்பா கிட்டலை இத்தா. எவனோ என்னைக் கப்பைக்கிழங்குன்னு நெனச்சுக் கடிச்சுட்டான்" என்றான்.

அதன்பின் சாயா கொடுத்து, அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால், வழக்கம்போல் ஒரு நாவலை ஒன்பதே காலுக்கு உரக்கப் படிக்கத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் கதை கேட்பவர் உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் படிப்பும் நிற்கும். நாற்பத்தொன்றாம் பக்கம் வரை அவன் உம் கேட்டது. அதன்பின் கேட்டதா என்று தெரியாது; நான் நிறுத்தவில்லை. பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதுதான் புத்தகத்தை மூடினேன். அவன் சுவரோரம் படுத்திருந்தான்.

அன்று பத்தரை மணிக்குத் துறைமுகத்தில் மூப்பனைக் குத்திக் கொன்றது தம்பிதான் என்று சொல்லி மறுநாள் அவனைப் பிடித்துப் போனார்கள். கைக் காயத்தையும் சாட்சியமாக எழுதிக்கொண்டார்கள். அதன்பின் ஸ்டேஷனுக்குப் போய், அவன் என் கண்முன்னேயே இருந்தான், கதையில் லயித்திருந்தோம் என்று சொன்னேன்.

"பத்து மணிக்கு உன் வாசல் வழியா முந்நூறு பேரு கொடி பிடிச்சுக் கோஷம் விளிச்சுட்டுப் போனாங்களே, கேட்டியா?" என்றார் இன்ஸ்பெக்டர். இல்லை என்றேன்.

"அது கேக்காத காதுக்கு ஒருத்தன் எறங்கிப் போனது கேக்குமோ, மோளே?"

லயித்தல் உறக்கம் அல்ல. கண் திறந்திருக்கும், வாய் வார்த்தை தவறாமல் படிக்கும், பக்கத்தில் இருப்பவர் எழுந்து போனாலும் தெரியாது. இதுவரை அந்தச் சொல்லை நல்லதற்கு மட்டுமே சொல்லியிருக்கிறேன்.

அதன்பின் நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு எப்போது வந்திருப்பேன் என்று அறிய, பக்கத்து வீட்டுக் கடிகாரத்தை வாங்கி வைத்து, முதலிலிருந்து மூன்று முறை படித்தேன். முதல் முறை எழுபது நிமிடம். அப்படியானால் பத்தரைக்கு முன்பே உம் நின்றிருக்கலாம்; துறைமுகம் மூன்று நிமிட நடைதான். இரண்டாம் முறை தொண்ணூறு நிமிடம். அப்படியானால் அவன் வீட்டில்தான் இருந்தான். மூன்றாம் முறை கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோனேன்.

தம்பிக்குத் தூக்கு கிடைக்கும் என்கிறார்கள். ஆகையால் கோர்ட்டில் என்னைப் படிக்கச் சொல்லி, வேறொருவர் நேரம் பார்க்க வேண்டும் என்று மன்றாடுகிறேன். தம்பியையும் எதிரில் உட்காரவைக்க வேண்டும். அவன் உம் கொட்டாமல் அன்றைய வேகம் எனக்கு வரவில்லை.

தெரிந்ததைத் தெரிந்ததாகவும் தெரியாததைத் தெரியாததாகவும் எழுதியிருக்கிறேன். 'கண்முன்னேயே' என்று ஸ்டேஷனில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

(ஒப்பம்) க. நசீபா