பச்சைக்குள் மறைந்த பட்டன்

கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஏறிய இரண்டு இளைஞர்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஏதோ பள்ளிக்கு மொபைல் ஆப் செய்து கொடுப்பவர்கள்.

"ஏலே, 'வேண்டாம்'ங்கிற பட்டன நீ பச்சைக்குள்ள ஒளிச்சுட்ட."

"ஸ்கூல்லதான் ஆப் முழுக்க யூனிஃபார்ம் கலர்ல வேணும்னாங்க. காலைல தீம் மாத்துனேன். பெட்டியும் பச்சை, அந்த எழுத்தும் பச்சை ஆயிட்டு."

"கூட்டிட்டுப் போக கேட்ல யாராவது வந்தா, 'பிள்ளைய இவரோட அனுப்பலாமா'ன்னு அம்மாட்ட கேக்குற பெட்டி அது. இப்ப 'சரி' மட்டுந்தான் தெரியுது."

"அரே, நாளைக்குப் பாத்துக்கலாம். அம்மாமாரு படிச்சுப் பாத்துதான அமுக்குவாங்க?"

"எங்க அக்கா எதையும் படிக்க மாட்டா. அவ மவ அங்கதான் படிக்கா. ஸ்கூல் விட இன்னும் அரைமணி நேரந்தான் இருக்கு."

தீம் மாற்றியவன் மடியில் லேப்டாப்பைத் திறந்தான்.

என் மகளின் சீருடையும் பச்சைதான். என் ஸ்டாப் வந்தபோதும் அவன் திரையில் 'வேண்டாம்' தெரியவில்லை; நான் இறங்கவில்லை.