ஆவுடைச்சி மடை திறந்த கதை

இந்த ஊருக்கு ரோடு வாரதுக்கு முந்தி, வண்டித்தடமே சரியா விழாத காலத்துல, பூவாணிகுளத்துல ஆவுடைச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க தாத்தாவைப் பெத்தவ. அவளைப் பாத்தவங்க இப்ப யாரும் இல்ல. பாத்தவங்க சொல்லி நான் கேட்டேன். கேட்டதைச் சொல்லுதேன்.

அவ பொறந்த ஊரு இது இல்ல. கிழக்க, கரிசக்காட்டுல. அங்க குளம் கிடையாது, எல்லாம் ஆழக் கெணறு. தண்ணி இறைக்கையில குடம் விழுந்திரும், தோண்டி விழுந்திரும். விழுந்தா, "கூப்பிடு ஆவுடைச்சிய"ம்பாங்களாம். சின்னப்பிள்ளை அவ. மேல இருந்து ஒரே குதி. அடியில போயி, சகதியைத் துழாவி, குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு மேல வருவாளாம்.

வயசுக்கு வந்தா, கட்டிக்குடுத்தாங்க. மாப்பிள்ளை புலமாடன், இந்தக் குளத்துக்கு மடைக்காரன். வயலுக்குத் தண்ணி திறக்கதும் அடைக்கதும் அவன் பொறுப்பு. வந்த அன்னைக்கே மாமியாக்காரி சொன்னாளாம்:

"ஏட்டி, இந்தக் குளத்துல பொம்பளை முட்டளவுக்கு மேல இறங்கக்கூடாது. மடையில சாமி குடியிருக்கு."

சரின்னுட்டா. அதுக்குப் பிறகு அவ தலை முங்கிக் குளிச்சதே இல்லையாம். கரையில நின்னு செம்புல மோந்து ஊத்திக்கிடுவாளாம். அப்படியே காலம் ஓடிப்போச்சு. பெத்தா, வளத்தா. மவன் கொளும்புக்குக் கப்பல் ஏறிட்டான். மூத்தவளைக் கட்டிக்குடுத்தா. கடைசிப் பொண்ணையும் கட்டிக்குடுத்து அனுப்பிட்டா. மாமியாக்காரியும் போய்ச் சேந்துட்டா.

ஆவுடைச்சிக்கு அப்ப நாப்பதைத் தாண்டி இருக்கும். ரெண்டு பேருக்கு உலை வைக்க எம்புட்டு நேரம் ஆகும்? வெயில் ஏறுமுன்ன வேலை முடிஞ்சிரும். அப்புறம் செவுத்துல சாஞ்சு உக்காந்திருப்பாளாம். யாராவது கூப்பிட்டா ரெண்டாந்தரம் கூப்பிட்டாத்தான் திரும்புவாளாம்.

ஒருநாள் புருஷங்கிட்ட கேட்டாளாம்.

"ஏங்க, நான் இனிமே எதுக்குங்க இருக்கேன்?"

அவன் சிரிச்சானாம். "எதுக்குன்னா என்னட்டி அர்த்தம்? எனக்குச் சோறாக்க."

அவ சிரிக்கலையாம்.

அந்த வருசம் ஐப்பசி மழை புடிச்சுது. புடிச்ச மழை விடல. மேக்க மலையில பெய்யுது, காட்டுல பெய்யுது, எல்லாத் தண்ணியும் இந்தக் குளத்துக்குத்தான் வருது. குளம் நெறஞ்சா மிச்சத் தண்ணி மறுகால் வழியாப் போயிரணும். ஆனா வெள்ளத்துல ஒரு பெரிய மருதமரம் வேரோட வந்து மறுகால்ல குறுக்க விழுந்து அடைச்சுக்கிட்டுது. ஆம்பளைக எல்லாம் கோடாலியோட அங்க நிக்காங்க. வெட்டுதாங்க, வெட்டுதாங்க, மரம் அசையல. தண்ணி ஏறுது. கரைக்கு இந்தப் பக்கம் அங்கங்க கசியுது. கரை உடைஞ்சா கீழ இருக்க ஊரு ஒரு நொடிக்குத் தாங்காது.

நாட்டாமை வெயிலுகந்தார் ஓடி வந்தாராம். "மடையைத் திறங்கல! கொஞ்சமாவது தண்ணி போகட்டும்!"

அந்தக் காலத்து மடை எப்படின்னா, கரையை ஒட்டித் தண்ணிக்குள்ள ரெண்டு கல்தூணு நிக்கும். அடியில ஒரு துவாரம். அதை மரக்கட்டை வச்சு அடைச்சிருக்கும். கட்டையில நீளக் கம்பு ஒண்ணு மாட்டியிருக்கும். மேல நின்னு கம்பைத் தூக்கினா கட்டை கிளம்பும், தண்ணி கரைக்கு அடியில ஓடி வாய்க்கால்ல போயி விழும்.

கம்பைப் புடிச்சு இழுத்தாங்க. மடார்னு ஒடிஞ்சுபோச்சு. கம்பு கையில, கட்டை அடியில.

இனி யாராவது உள்ள முங்கித்தான் கட்டையை எடுக்கணும். முங்க வேண்டியவன் புலமாடன். அவனை மாடு தள்ளி, கால் முறிஞ்சு, மூங்கில் பத்தை வச்சுக் கட்டிப் போட்டிருக்கு. அப்பவும், "என்னத் தூக்கிட்டுப் போங்கல"ன்னு கத்தி, கட்டிலோட கரைக்கு வந்துட்டானாம். ஆவுடைச்சியும் பின்னாலயே வந்தா.

புலமாடனுக்குத் தம்பி மாசானம். அவன் குதிச்சான். முங்கினான். வந்தான். மறுபடி முங்கினான். வரும்போது மூக்குல ரத்தம்.

"அண்ணே, கட்டை ஊறி இறுகிக் கெடக்கு. அசைக்கவே முடியல. அதை எடுத்தாலும் தண்ணி ஆளை உள்ள இழுத்துரும். நான் இனி இறங்க மாட்டேன்."

அடுத்து இறங்க ஒருத்தனும் முன்ன வரல. மழைச் சத்தந்தான். அப்ப கட்டிலுக்குப் பின்னால இருந்து ஒரு குரல்.

"நான் இறங்குதேன்."

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஆவுடைச்சி.

நாட்டாமைக்குக் கோவம் வந்துட்டு. "என்ன பேச்சு பேசுத? பொம்பளை மடையைத் தொட்டா சாமி குத்தம் ஆயிரும்!"

"அண்ணாச்சி, இன்னுங் கொஞ்சத்துல சாமியும் சேந்துதான் போகும்."

புலமாடன் கத்தினான். "ஏட்டி, உனக்குப் புத்தி பெரண்டுபோச்சா? வீட்டுக்குப் போ!"

"வீடு எங்க இருக்கு? இந்தக் கரைக்குக் கீழதான இருக்கு?"

சொல்லிட்டு, மாடு கட்டித் தண்ணி இறைக்குத கமலைக் கயித்தை எடுத்து இடுப்புல கட்டினா. இன்னொரு நுனியைப் புருஷன் கையில குடுத்தா.

"இந்தா பாருங்க. நான் கயித்தை ஆட்டினா இழுங்க. ஆட்டலைன்னா, என்ன ஆனாலும் இழுக்காதீங்க."

இறங்கினா. முங்கினா.

இத்தன வருசம் கழிச்சுத் தண்ணிக்குள்ள போறா. கெணத்துத் தண்ணி மாதிரி தெளிவா அது? செம்மண் கரைசல். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒண்ணுதான். மூச்சை அடக்க முடியல. நெஞ்சு அடிச்சுக்கிடுது. சேலை போயி கல்தூணுல சுத்திக்கிட்டுது. தண்ணியைக் குடிச்சுட்டா. கயித்தை ஆட்டினா. இழுத்துப் போட்டாங்க.

"போதும் மயினி"ன்னு மாசானம் அழுதான். "போதும்மா, விடு"ன்னு நாட்டாமையும் சொல்லிட்டாரு.

அவ இருமுதா, துப்புதா, பேச முடியல. அப்புறம் எந்திரிச்சு நின்னா. ஈரச் சேலையை உருவிப் போட்டா. புருஷன் தோள்ல கெடந்த வேட்டியை எடுத்து ஆம்பளை மாதிரி இறுக்கித் தார் பாய்ச்சிக் கட்டினா. ஊரே தலையைத் திருப்பிக்கிட்டு நின்னுதாம்.

"ஒரு கடப்பாரை குடுங்க. மேல இழுத்தா வராது. அடியில போயி நெம்பணும்."

கடப்பாரையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இறங்கினா. அந்தக் கனம் அவளை நேரா அடிக்குக் கொண்டு போயிட்டுது.

மேல கயிறு நீண்டுது. நீண்டுது. நின்னுது.

நிக்காங்க. பாக்காங்க. தண்ணி மேல மழைத்துளி விழுதது மட்டுந்தான் தெரியுது. ஒரு குமிழி வந்துது. அப்புறம் அதுவும் இல்ல.

"அண்ணே, இழு!"ன்னான் மாசானம்.

"அவ ஆட்டல."

"மயினி செத்துட்டா அண்ணே! இழு!"

"ஆட்டலங்கேன்!"

நாட்டாமை அதட்டினாரு. "ஏ புலமாடா, கொலைப்பழி வந்துரும். கயித்தை விடு, நாங்க இழுக்கோம்." ரெண்டு பேரு வந்து கயித்துல கை வச்சாங்க. புலமாடன் கட்டில்ல இருந்து உருண்டு கீழ விழுந்தானாம். முறிஞ்ச காலோட கயித்து மேலயே குப்புறப் படுத்துக்கிட்டானாம்.

"எவனாவது தொட்டீங்க, அவ்வளவுதான்! அவ ஆட்டலடா! அவ என்ன சொன்னா? ஆட்டலைன்னா இழுக்காதன்னு சொன்னாளா இல்லையா?"

சொல்லுதான், அழுதான். அழுதான், சொல்லுதான். கயிறு ஆடல.

அப்ப கரைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு பொம்பளை கூப்பாடு போட்டா. "தண்ணி வருது! வாய்க்கால்ல தண்ணி வருது!"

வந்துது பாருங்க, யானை பிளிறுத மாதிரி ஒரு சத்தம். கரையே அதிர்ந்துது. அதே நேரத்துல கயிறு வெடுக்குனு விறைச்சு ஆடுச்சு. ஒரு ஆட்டு.

"இழுங்கல!"

இழுக்காங்க, வரல. அவ காலைத் துவாரத்துக்குள்ள தண்ணி இழுத்துக்கிட்டுது. இங்க ஊரு இழுக்குது, அங்க வெள்ளம் இழுக்குது. கோடாலி புடிச்சவங்களும் ஓடி வந்து கயித்தைப் புடிச்சாங்க. நாட்டாமையும் துண்டைப் போட்டுட்டுப் புடிச்சாராம். ஒரு இழு. இன்னொரு இழு. சரக்குனு வந்தா.

கரையில போட்டாங்க. மூச்சு இல்ல. கணுக்கால்ல தோலே இல்ல. காதுல ரத்தம். குப்புறப் போட்டு முதுகை அமுக்கினாங்க. அமுக்க அமுக்க, கொடகொடன்னு தண்ணி வந்துது. கண்ணைத் திறந்தா. திறந்து கேட்டாளாம்:

"மறுகால்ல மரத்தை எடுத்தாச்சா?"

தண்ணி ஒரு முழம் இறங்கினதுல மரத்துக்கு அடியில கால் ஊன இடம் கெடைச்சுது. பொழுது சாயுததுக்குள்ள வெட்டி எடுத்துட்டாங்க. கரை நின்னுது. ஊரு நின்னுது.

கதை இதோட முடியல. மழை விட்டுது. இப்ப மடையை அடைக்கணும். அடைக்கலைன்னா குளம் காலியாயிரும், வெள்ளாமை போயிரும். யாரு இறங்குவா? மாசானத்தை ஆளைக் காணோம். நாட்டாமை கரையில நின்னு தலையைச் சொறியுதாரு. ஆவுடைச்சி நொண்டிக்கிட்டே வந்தாளாம். வேட்டி கட்டி இருந்தாளாம். புதுக் கட்டை தோள்ல. பின்னால புலமாடன் கம்பூன்றிக்கிட்டு, கயித்தோட.

யாரும் அவகிட்ட ஒண்ணும் கேக்கல. வழி விட்டாங்க.

அதுக்குப் பிறகு கை கால் ஓயுத மட்டும் அவதான் மடைக்காரி. புலமாடன் கால் கோணலா ஒட்டிக்கிட்டுது, அவனால முங்க முடியாது. வீட்டுல அவன்தான் உலை வைப்பானாம். அவன் வைக்கிற குழம்பு வாயில வைக்க விளங்காதாம், அவ ஒரு நாளும் குறை சொன்னதில்லையாம். அவளுக்கு ஒரு காது கேக்காமப் போச்சு. அதையும் பெருசா எடுத்துக்கிடல.

ரொம்ப நாள் கழிச்சு, பேரனைக் காட்ட வந்த கடைசி மவ கேட்டாளாம். "ஏம்மா, அன்னைக்கு அடியில உனக்குப் பயமா இல்லையா?"

"மொதத்தரம் பயந்தேன். அப்ப உன்னைய நெனச்சேன், உங்க அண்ணனை நெனச்சேன், அடுப்புல பால் இருக்கேன்னு நெனச்சேன். ரெண்டாந்தரம் ஒண்ணையும் நெனைக்கல. என் கை இருந்துது. கட்டை இருந்துது. நெம்பினேன். அது அசஞ்சப்போ, அட, நான் இன்னும் இருக்கேன்னு தோணுச்சு."

அந்த மடைக்குத்தான் ஆவுடைச்சி மடைன்னு பேரு. இப்ப இரும்புக் கதவு போட்டாச்சு, யாரும் முங்க வேண்டியதில்ல. ஆனா ஒரு வழக்கம் மட்டும் நிலைச்சுப்போச்சு. இந்த ஊருல கடைசிப் பிள்ளையைக் கட்டிக்குடுத்த தாயை, அந்த வாரமே பொம்பளைக எல்லாம் சேந்து மடைக்குக் கூட்டிக்கிட்டுப் போவாங்க. அவ இடுப்புல ஒரு கயிறு. நுனி அவ புருஷன் கையில. புருஷன் இல்லைன்னா மவன் கையில. அவ தலை முங்குவா. கரையில நிக்கவன் வாயைத் திறக்கப்படாது, இழுக்கப்படாது. அவ ஆட்டினாத்தான் இழுக்கணும்.

சில பேரு ஒடனே ஆட்டிருவாங்க. சில பேரு லேசுல ஆட்டவே மாட்டாங்க. கரையில நிக்கவன் மூஞ்சியை நீங்க அப்பப் பாக்கணும்.