பதினோரு வரி

மழைக்கு முன்னால் எனக்கு வலது தோள்பட்டை வலிக்கும். நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு என்ன தோள்வலி என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். இது நாற்காலி கொடுத்த வலி இல்லை. பதினான்கு வயதிலிருந்து இருபது வயது வரை கல்குவாரியில் சம்மட்டி பிடித்த தோள். அந்த வேலையை விட்டு இருபத்தாறு வருடம் ஆகிறது. தோள் மட்டும் இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை. இன்று காலையிலிருந்தே குடைகிறது. கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் விசாரிக்க வந்தது ரேகை விதியைப் பற்றி. நம் அரசாங்கம் பஞ்சம் வந்த நாடுகளுக்கு அனுப்பும் தானியத்தை, எந்திரத்தில் கட்டைவிரல் வைத்துப் பச்சை விளக்கு எரிகிறவருக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்ற விதி. அதை எழுதியது யார் என்று தேடுகிறீர்கள். உங்கள் பட்டியலில் அமைச்சர் இருக்கிறார், துணைச் செயலாளர் இருக்கிறார், எந்திரம் விற்ற கம்பெனி இருக்கிறது, எங்கள் தொண்டு நிறுவனத்தின் தலைவி இருக்கிறார். கடைசி வரியில் ‘குறிப்பு தயாரித்தவர்’ என்று நான். மேலிருந்து கீழே வந்தால் நாளாகும். கீழிருந்தே தொடங்குங்கள். எழுதியது நான்தான்.

எப்படி என்று கேட்பீர்கள். ஒரு தொண்டு நிறுவனத்துக் குமாஸ்தா எழுதுவது எப்படி அரசாங்க விதியாகும் என்று. அமைச்சகத்தில் வெளிநாட்டு உதவிப் பிரிவில் மொத்தம் ஒன்பது பேர். நாற்பது நாட்டுக் கோப்புகள். அவர்களுக்கு எழுத நேரம் கிடையாது. எங்களுக்கு அங்கெல்லாம் கிடங்குகள் உண்டு, ஆட்கள் உண்டு, அதனால் எழுதிக் கொடுப்போம். அவர்கள் மேலே முத்திரை வைத்து அமைச்சருக்கு அனுப்புவார்கள். லஞ்சம் இல்லை, திருட்டுத்தனம் இல்லை. பிள்ளை பெறுவது நாங்கள், பெயர் வைப்பது அவர்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. அமைச்சர் ஒரு பக்கத்துக்கு மேல் படிக்க மாட்டார். அதற்கு எங்களுக்குள் ஒற்றைத்தாள் என்று பெயர். ஒற்றைத்தாளில் ஏறியது நாட்டின் கொள்கை, ஏறாதது உலகத்திலேயே இல்லை. அதில் நான் கெட்டிக்காரன். முப்பது பக்கத்தை ஒரு பக்கமாக்குவதும் கல்லுடைக்கிற வேலைதான். எங்கே தட்டினால் எது உதிரும் என்று தெரிய வேண்டும்.

விதி எழுதிய வருடம் ஒரு துறைமுகத்துச் சந்தையில் நம் நாட்டு முத்திரை போட்ட தானிய மூட்டைகள் விற்பனைக்கு இருந்ததைப் பத்திரிகையில் படத்தோடு போட்டார்கள். திருட்டு நிற்காவிட்டால் உதவியைப் பாதியாக வெட்டுவேன் என்று அமைச்சர் சொன்னார். பாதி என்றால் நான்கு லட்சம் பேரின் சாப்பாடு. எங்கள் தலைவி, நாங்கள் மேடம் என்போம், எங்களை உட்கார வைத்துப் பேசினார். மேடம் கெட்டவர் இல்லை. பஞ்சத்துப் படங்களைப் பார்த்தால் நிஜமாகவே அழுவார். கையில் காய்ப்பு விழாத குடும்பம், அவ்வளவுதான். கைரேகை எந்திரம் வைத்தால் திருட முடியாதே என்றார். எல்லாரும் தலையாட்டினோம். சோதித்துப் பார்த்து எழுதிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

பஞ்சம் வந்த நாடு ஒன்றில் எங்கள் கிடங்கை நம்பி இரண்டு முகாம்கள் இருந்தன. ஒன்று தையல்காரர்கள் முகாம். இன்னொன்று குவாரியை ஒட்டிய முகாம். கிடங்கைப் பார்த்துக்கொண்ட பெண்ணை எல்லாரும் கிடங்கக்கா என்பார்கள். அவர் என்னை முதலில் குவாரி முகாமுக்குத்தான் கூட்டிப்போனார். அந்த ஜனங்களின் பேச்சு எங்கள் வீட்டுப் பேச்சுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. முகம் வேறு, சாயல் ஒன்று. மொழிபெயர்க்க இடையில் ஆள் தேவைப்படவில்லை.

வரிசையில் முதலில் வந்தவள் ஜல்லி உடைக்கிறவள், ஐம்பது வயதிருக்கும். பட்டப்பெயர் சுத்தியல். கையில் இருப்பதாலா, வாயில் இருப்பதாலா என்று கேட்டேன். இரண்டும்தான் என்றார் கிடங்கக்கா. சுத்தியல் கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தாள். சிவப்பு. இடது கையை வைத்தாள். சிவப்பு.

“என்ன தம்பி, உன் பொட்டி என்னையே மொறைக்குது. நான் என்ன அது குடிய கெடுத்தனா?”

விரலில் ரேகை தேய்ந்திருக்கிறது, அதனால் எந்திரத்துக்கு ஆள் தெரியவில்லை என்று விளக்கினேன்.

“கை தேஞ்சுதான் போச்சு தம்பி. வயிறு தேயலையே. வயித்த வச்சுப் பாக்குற பொட்டி ஏதும் இல்லையா?”

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று பகல் முடிவதற்குள் நாற்பத்தொரு பேர் விரல் வைத்தார்கள். முப்பத்து மூன்று பேருக்குச் சிவப்பு.

சாமான்களைக் கட்டும்போது சுத்தியல் வந்து என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு தழும்பு எனக்கு உண்டு.

“இது சம்மட்டித் தழும்பு. நீ நம்ம ஆளு. படிச்சுத் தப்பிச்சிட்டியா?”

“ஆமாக்கா.”

“அப்ப உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. எங்களுக்கு ரேகை விழாதுன்னு அங்க சொல்லிடு. நீ சொன்னா கேப்பாங்க.”

“சொல்றேங்க்கா.”

போகும்போது ஒரு படம் எடுத்தேன். அவள் கட்டைவிரலைக் கேமராவுக்கு நேராக நீட்டிச் சிரித்தாள். மொட்டை விரல், நன்றாகத் தெரிகிற மாதிரி எடு என்றாள்.

சொல்லித் தர வேண்டியதில்லை என்றது உண்மை. எங்கப்பாவுக்கும் ரேகை விழாது. கூலி நாளில் மையில் தோய்த்துத் தாளில் வைத்தால் ஒரு கரும்பொட்டுதான் விழும். உன் விரலும் உன் தலையும் ஒண்ணுடா என்பார் மேஸ்திரி, அப்பாவுக்கு வழுக்கை. ஆனால் கூலியை நிறுத்தியதில்லை. கூட உடைக்கிற இரண்டு பேரைக் கூப்பிட்டு, இவன் அவன்தானா என்று கேட்பார். அவன்தான் என்பார்கள். தீர்ந்தது விஷயம். எழுதப் படிக்கத் தெரியாத மேஸ்திரி அரை நிமிடத்தில் கண்டுபிடித்த வழி.

கிடங்குக்குத் திரும்பி வரும் வழியில் அதை எழுதினேன். உடல் உழைப்பாளிகளுக்கு ரேகை தேயும், ரேகை விழாதவர்களைக் கூட இருக்கும் இருவர் அடையாளம் சொன்னால் தானியம் கொடுக்க வேண்டும். பதினோரு வரி. என் வாழ்க்கையில் அடித்துத் திருத்தாமல் நான் எழுதிய பத்தி அது ஒன்றுதான்.

கணக்கில் காட்டும் சோதனையை மறுநாள் தையல்காரர் முகாமில் நடத்தினேன். அறுநூறு பேரில் ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு பச்சை. குவாரிக்குப் போன பகலை ‘அறிமுகப் பயணம்’ என்று எழுதினேன். போனது உண்மை, அறிமுகம் ஆனதும் உண்மை. நீங்கள் என் காகிதங்கள் அத்தனையையும் புரட்டிப் பாருங்கள். எழுத்தில் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

ஒற்றைத்தாளைக் கட்டும்போது அந்தப் பதினோரு வரி வெளியே நின்றது. இடமில்லை. இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிக்கொண்டேன்.

அமைச்சகத்தில் கூட்டம் நடந்தது. நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். துணைச் செயலாளர் கூர்மையான மனிதர். தாளை இரண்டு முறை படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

“இந்த ரேகை எல்லாருக்கும் விழுமா?”

மேடம் என்னைப் பார்த்தார். என் வலது கை மேஜைமேல் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“விழும் சார்.”

அப்போது என் மனதில் இருந்த கணக்கு இதுதான். விழாது என்றால் விதி நிற்கும், விதி நின்றால் அமைச்சர் வெட்டுவார், வெட்டினால் நான்கு லட்சம் பேர். ஒரு பக்கம் நான்கு லட்சம், இன்னொரு பக்கம் சில ஆயிரம். நிதானமாக யோசிக்கிற எவனும் என்ன செய்வான், சொல்லுங்கள்.

விதி வந்தது. மற்றத் தொண்டு நிறுவனங்களும் அதையே பிடித்துக்கொண்டன. ஒரு வருடத்தில் ஆறு நாடுகளுக்குப் போயிற்று. அடுத்த வருடம் மழை பொய்த்தது.

கிடங்கக்கா எனக்குக் கடிதம் போட ஆரம்பித்தார். கிடங்கு நிறைய மூட்டை இருக்கிறது, வாசலில் சனம் இருக்கிறது, நடுவில் இந்த விளக்கு இருக்கிறது என்று எழுதினார். வேலைக்குப் போகாமல் விரலுக்கு ஒரு மாதம் ஓய்வு கொடுத்தால் ரேகை திரும்ப வளரும் என்று கம்பெனியின் கையேட்டில் ஒரு வரி இருந்தது. அதை நான் அவருக்கு எழுதி அனுப்பினேன். அது நிஜம்தான். எனக்கே வளர்ந்திருக்கிறது. என் கைபேசி என் கட்டைவிரலுக்கு ஒரே தொடுதலில் திறக்கும். அவர் பதில் ஒரே வரியில் வந்தது: “தம்பி, ஒரு மாசம் உக்காந்து சாப்புட வழியிருந்தா அவங்க எதுக்கு இங்க வரிசையில நிக்கணும்?”

நான்காவது மாதம் கிடங்கக்கா விளக்கைப் பார்க்காமல் இருபது மூட்டையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். தணிக்கையில் இருபது மூட்டை குறைந்தது. விதிப்படி அது திருட்டு. அவரை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை நான் எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். புதிதாக வந்த ஆள் விளக்கை மட்டும் பார்த்தான்.

வேலை போன பிறகும் அவர் ஒரு கடிதம் போட்டார். அது கடைசி. குவாரி முகாமில் செத்தவர்களின் பட்டியல், அறுபத்து மூன்று பேர். சுத்தியலின் மகள் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேர் பதினெட்டாவதும் பத்தொன்பதாவதும். சுத்தியல் நாற்பதாவது. அவள் கடைசி வரைக்கும், தம்பி சொல்லியிருக்கும், சேதி வர வழியில லேட்டாவுது என்று வரிசையில் நிற்கிறவர்களைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாளாம். ஆறு நாடுகளிலும் கல்லுடைக்கிறவர், உப்பள வேலைக்காரர், செங்கல் சூளைக்காரர் எல்லாரையும் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் என்று உங்கள் கோப்பு சொல்கிறது. எனக்கு அந்த எண் தெரியாது. அறுபத்து மூன்று தெரியும்.

அந்த வருடம் திருட்டு ஒரு மூட்டைகூட இல்லை, கிடங்கக்காவின் இருபதைத் தவிர. பத்திரிகை பாராட்டி எழுதியது. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

இதோடு நான் நிறுத்தியிருந்தால், நீங்கள் எழுதிக்கொண்டு போயிருப்பீர்கள். பாவம், பெரிய நன்மைக்காகச் சின்னத் தவறு செய்துவிட்டான் என்று. நானே பல வருடமாக அப்படித்தான் வைத்திருந்தேன். ஆனால் இரண்டு விஷயங்களை விட்டுவிட்டேன்.

ஒன்று, ஒற்றைத்தாளில் இடம் இருந்தது. கீழே பதினோரு வரிக்குச் சரியாக இடம் இருந்தது. அங்கே ஒரு படத்தைப் போட்டேன். சுத்தியல் கட்டைவிரலை நீட்டிச் சிரிக்கிற படம். அடியில், ‘இனி ஒரு மணி தானியமும் திருடு போகாது’ என்று எழுதினேன். நல்ல படம். அமைச்சருக்கு மிகவும் பிடித்திருந்தது என்றார்கள்.

இரண்டாவது, கூட்டத்தின் பதிவில் இல்லாத ஒரு பேச்சு. நான் விழும் என்றதும் துணைச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “விழாதவங்க யாராவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. இன்னொரு தாள் சேர்த்துக்கலாம். அமைச்சர்கிட்ட நான் பேசிக்கிறேன், இதனால உதவி எதுவும் குறையாது.”

ஆகவே நான்கு லட்சத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. அந்தக் கணக்கே இல்லை. யாரும் இல்லையென்று சொன்னேன். இருக்கிறார்கள் என்றிருந்தால் அடுத்த கேள்வி, உங்களுக்கு எப்படித் தெரியும். எங்கள் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக நான் பள்ளிக்கூட வாத்தியார் மகன், அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். அந்த மேஜையில், தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவில், எங்கப்பன் கல்லுடைக்கிறவன், அவன் விரல் மொட்டை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். அதற்குத்தான் அத்தனை பேரும்.

நீங்கள் தாளை மடிக்கிறீர்கள். உங்கள் குழுவின் அறிக்கையும் அமைச்சருக்கு ஒரே பக்கமாகத்தான் போக வேண்டுமாமே. சுருக்கித் தரச் சொல்லி நேற்று அமைச்சகத்திலிருந்து எனக்குத்தான் போன் வந்தது. இந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை என்கிறார்கள். விதியைப் புதுப்பிக்கும் குறிப்பும் என் மேஜையில்தான் இருக்கிறது, அடுத்த வாரம் கேட்பார்கள். முடியாது என்று நான் சொல்லவில்லை. இரண்டிலும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சுத்தியலுக்கு நான் தர வேண்டியது பதினோரு வரி. இன்னும் தரவில்லை.