திரும்பி வந்த படகு

பின்னேரம் ஏழு மணி. ஒஸ்ரேலியாவில கத்தரீன் எண்ட ஊருக்குத் தெற்கால போற றோட். முன்னாலயும் கார் இல்லை, பின்னாலயும் இல்லை… ஒரு கங்காரு கூட இல்லை.

இது எங்கட ஜெகதீஷின்ர அக்கா மிருணாளினிக்கு நடந்தது. அந்தா இருக்கிறான், கேளுங்கோ.

அண்டைக்குக் காலமைதான் அக்காவும் புருஷன் ஸ்ரீகாந்தும் ஆத்தில படகில சுத்திக் காட்டுற குரூஸ் போனவை. ரெண்டு பக்கமும் செங்குத்தாச் சிவப்புப் பாறை, நடுவில தண்ணி. எல்லாரும் போட்டோ எடுக்கினம். ஸ்ரீகாந்தின்ர மடியில ஒரு மைலோ ரின். உள்ளுக்கு அவற்ர தேப்பனாரின்ர அஸ்தி.

சாகேக்க தேப்பனார் கேட்டது ஒண்டே ஒண்டு… யாழ்ப்பாணத்தில, கீரிமலைக் கடலில கரைச்சுவிடு எண்டு. இவருக்கு லீவு இல்லையாம். அவுட்பாக் எண்டு இந்த வறண்ட காட்டுப் பக்கம் சுத்த மட்டும் லீவு இருந்தது! தண்ணி எல்லாம் தண்ணிதானே எண்டு, கைட் முதலையைக் காட்டேக்க, மெல்ல ரின்னைக் கவிட்டுட்டார்.

அக்கா காதுக்குள்ள சொன்னவ, "இனித் திரும்பிப் பாக்காதேங்கோ."

அஸ்தி கரைச்சால் திரும்பிப் பாக்கக்கூடாது, தெரியும்தானே. ஆத்தங்கரை எண்டால் நடந்து போயிடலாம். இது குரூஸ்… போன வழியாலதான் திரும்பி வரும். அதை ரெண்டு பேரும் யோசிக்கேல்லை.

வரேக்க பாத்தினம். எவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறது? சாம்பல் கரையேல்லை. விட்ட இடத்திலயே, ஒரு பாய் அளவுக்கு… அசையாமல் கிடந்தது. படகு அதுக்கு மேலாலதான் வந்தது.

சரி, இப்ப அந்த றோட்.

முதல்ல மணம். சித்தாலேப எண்ட நோவுத் தைலம்… தேப்பனார் முழங்காலுக்குப் பூசுறது. ரெண்டு பேருக்கும் மணந்தது, ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லேல்லை. பிறகு… டிங். டிங். டிங். பின் சீற்றில ஆள் இருக்கு, பெல்ற் போடேல்லை எண்டு கார் சொல்லுது. பின் சீற்றில ஒண்டுமே இல்லை. பாக் எல்லாம் டிக்கியில.

ஸ்ரீகாந்த் காரை நிப்பாட்டினார். "அப்பா… டிசம்பரில கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போறன் அப்பா. சத்தியமா."

டிங். டிங்.

"மிருணா," எண்டார், மெதுவா. "பெல்ற்றைப் போட்டுவிடும்."

அக்கா இறங்கி, பின் கதவைத் திறந்து, பெல்ற்றை இழுத்துக் கொழுவினவ. சத்தம் நிண்டுது.

வெறும் சீற்றில போட்ட பெல்ற் தட்டையாத்தானே கிடக்கும்? அது கிடக்கேல்லை. வயித்தளவுக்கு முன்னால தள்ளி நிண்டு… மெல்ல மெல்ல ஏறி இறங்கினது.